அக்காவைக் கீழே உட்காரச் சொன்னேன்

எனக்கு அரண்மனை பார்க்கும் ஆசை கொஞ்சமும் இல்லை. மூன்று நாளாக வேனில் உட்கார்ந்து வந்ததில் இடுப்பு விட்டுப்போயிருந்தது. திருச்செந்தூரிலும் கன்னியாகுமரியிலும் கூட்டத்தில் இடிபட்டு, திருவனந்தபுரம் வந்து சேர்ந்தபோது எங்காவது ஒரு மூலையில் முந்தானையை விரித்துப் படுத்தால் போதும் என்றிருந்தது. வேன்காரர் விடவில்லை. கேரளாவின் தலைநகரத்துக்கு வந்துவிட்டு ராஜா இருந்த இடத்தைப் பார்க்காமல் போவதா என்று கேட்டு, கோட்டை வாசலில் எங்களை இறக்கிவிட்டார். அவர் மட்டும் வண்டியிலேயே காலை நீட்டித் தூங்கிவிட்டார்.

நாங்கள் பன்னிரண்டு பேர். எல்லோரும் களமருதூரில் நடவு நடுகிறவர்கள். நான் ஆள் கூட்டிப் போகிறவள். எந்த நிலத்துக்கு எந்த நாள், யார் யார் என்பதெல்லாம் என் பொறுப்பு. நடவு முடிந்த கையோடு வருஷத்துக்கு ஒருமுறை இப்படி வேன் பிடித்து எங்காவது போவோம். பத்தாவது வரை படித்த பாவத்துக்கு, போகிற இடத்தில் போர்டு படிப்பதும் வழி கேட்பதும் என் தலையில்தான் விழும்.

அந்த முறை என் தலையில் இன்னொன்றும் இருந்தது. பன்னிரண்டு பேரில் ஒருத்தி என் கூடப்பிறந்த அக்கா. அடுத்த நடவுக்கு வர வேண்டாம் என்று நான் அவளிடம் சொல்ல வேண்டும். திருக்கோவிலூர்ப் பக்கம் எங்களுக்கு நிறைய வேலை கொடுக்கும் நிலக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார்.

"உங்க அக்காவால எல்லாருக்கும் லேட்டாவுது. அவங்கள நிறுத்திட்டு வாங்க. இல்லன்னா நான் மிஷின் வச்சி நட்டுக்கிறேன்."

மெஷின் வந்தால் பன்னிரண்டு பேரும் வீட்டில் உட்கார வேண்டியதுதான். அவர் சொன்னதில் பொய்யும் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் கல்வராயன் மலைக்கு மரவள்ளிக் கிழங்கு பிடுங்கப் போனபோது அக்கா சறுக்கி விழுந்தாள். அன்றைக்குக் கெட்டது இடது முட்டி. மலை வேலை வேண்டாம் என்றவளை, ஆள் கம்மியாக இருக்கிறது என்று வம்படியாக இழுத்துக்கொண்டு போனவள் நான்தான்.

ஊரில் சொல்ல வாய் வரவில்லை. வெளியூரில் வைத்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று கிளம்பினேன். திருச்செந்தூரில் நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளினேன். கன்னியாகுமரியில் அவள் முட்டியைப் பிடித்துக்கொண்டே பாறைமேல் உட்கார்ந்து, அலை அடிக்கும்போதெல்லாம் சின்னப்பிள்ளை மாதிரி கத்தினாள். அவளிடம் போய் எப்படிச் சொல்வது? கடைசியில் மிஞ்சியது இந்த அரண்மனைதான்.

கைடு நரைத்த மீசைக்காரர். தமிழை மலையாளத்தில் பேசினார். கோட்டைக்குள் தெருத்தெருவாக எங்களை நடத்திக்கொண்டு போய், இது ஒரு கொட்டாரம், அதுவும் ஒரு கொட்டாரம் என்று கையைக் காட்டினார். கொட்டாரம் என்றால் அங்கே அரண்மனை. பாதி பூட்டிக் கிடந்தது. சுவரில் பாசி, ஓட்டில் புல்.

"இத்தினி வூடு கட்டிக்கினு ராஜா எதுலதான் தூங்குவாரு?" என்று எங்கள் ஆள் ஒருத்தி கேட்டாள். மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிக்கவும் தெம்பில்லை.

கடைசியாக ஒன்றுக்குள் விட்டார்கள். செருப்பை வாசலில் கழற்ற வேண்டும். பன்னிரண்டு ஜோடியையும் ஒரே சிமெண்டு பையில் போட்டு முடிச்சுப் போட்டோம். உள்ளே தரை கன்னங்கரேலென்று பளபளத்தது, காலுக்கு ஜில்லென்று இருந்தது. அங்கேயே படுத்துவிடலாமா என்று நிஜமாகவே தோன்றியது.

நடவில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வரிசையாக நின்று பின்னால் நகர்ந்துகொண்டே நடும்போது ஒருத்தி பின்தங்கிப்போனால், இரண்டு பக்கமும் இருப்பவர்கள் அவளுடைய இடத்திலும் கை நீட்டி நட்டு, அவளை வரிசைக்குக் கொண்டுவந்துவிடுவோம். சில கூட்டங்களில் மெதுவாக நடுகிறவளைச் சுற்றி நட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அவள் நாற்றுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு நிற்பாள், மற்றவர்கள் வரப்பில் நின்று கைகொட்டிச் சிரிப்பார்கள். எங்கள் கூட்டத்தில் அது நடந்ததே இல்லை. எல்லோரும் முடித்தால்தான் ஒருத்தி கரையேறுவாள்.

அரண்மனையிலும் அதையேதான் செய்தார்கள். யாரும் சொல்லிவைக்கவில்லை. ஒவ்வொரு வாசல் நிலையிலும் நின்று, அக்கா நொண்டி நொண்டி வந்து சேரும்வரை ஒருத்தியும் அடுத்த அறைக்குள் கால் வைக்கவில்லை. கைடு தந்தத்தில் செய்த சிம்மாசனத்தைப் பற்றி ஆரம்பித்தார். ஒருத்தி, "இருங்க சார், அக்கா வரட்டும்" என்றாள். மறுபடி ஆரம்பித்தார். அதற்குள் எங்களுக்குப் பின்னால் அடுத்த கூட்டம் வந்து நெருக்கியது. அந்தக் கூட்டத்தின் கைடு இவரைப் பார்த்து ஏதோ கத்தினார். இவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"சேச்சி, நிங்கள்ல யாரு லீடர்?"

எல்லாக் கையும் என்னைக் காட்டியது. அப்போதுதான் வந்து சேர்ந்த அக்காவின் கையும் சேர்ந்துதான்.

மாடிக்குப் போகும் மரப்படி குறுகலாக, செங்குத்தாக இருந்தது. கைடு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அந்தச் சேச்சி இங்கே இருக்கட்டும். நம்ம மேலே போயிட்டு வராம். இல்லெங்கில் எல்லார்க்கும் லேட்."

நிலக்காரர் சொன்னதையே இவரும் சொல்கிறார் என்று எரிச்சல் வந்தது. ஆனால் எனக்கு வாதாடச் சக்தியில்லை. படிக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு கிடந்தது. "அக்கா, நீ இங்கியே குந்திக்க. நாங்க பாத்துட்டு வந்துடறோம்" என்றேன்.

பத்துப் பேரும் படியில் கால் வைக்காமல் என்னைப் பார்த்தார்கள். "இன்னா பாக்கறீங்க, ஏறுங்க" என்று அதட்டினேன். ஏறினார்கள். ஒருத்தியை விட்டுவிட்டு அவர்கள் போனது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. நான் சொன்னதால் போனார்கள்.

அக்கா உட்காரவில்லை. படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"எனக்குத் தெரியும்டி" என்றாள்.

"இன்னா தெரியும்?"

"மூணு நாளா துன்னியாக்கா, தூங்கினியாக்கான்னு கேட்டுக்கினே இருக்க. என்னைக்கிடி நீ அதெல்லாம் கேட்ட? அடுத்த நடவுக்கு நான் இல்ல. அதான?"

நான் தரையைப் பார்த்தேன். ஆமாம் என்று சொல்வதற்குக்கூட அவள்தான் உதவ வேண்டியிருந்தது.

"வேலைக்கு இல்லன்னா அடுத்த தபா வண்டியிலயும் நான் இல்ல. இத முழுசா பாத்துட்டுதான் எறங்குவேன். நீ முன்னாடி ஏறு."

அவள் சொன்னது சரிதான். அந்த வருஷம் கூட நட்டவர்கள் மட்டும்தான் வேனில் வரலாம் என்பது எங்களுக்குள் இருக்கிற ஏற்பாடு. அதைப் போட்டவளும் நான்தான்.

நான் முன்னால் ஏறவில்லை. அவளை முன்னால் விட்டு, சறுக்கினால் தாங்கிக்கொள்ள ஒரு படி கீழே நின்றேன். ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, மூச்சு வாங்கி ஏறினாள். மேலே போய்ச் சேர்ந்தபோது எங்கள் ஆட்கள் வேறு அறைக்குப் போய்விட்டிருந்தார்கள். நீளமான மர வராந்தா. இறவாரத்துக்குக் கீழே மரத்தில் செதுக்கிய குதிரைகள் வரிசையாகக் கூரையைத் தாங்கி நின்றன. யார் உட்கார்ந்த இடம், எதற்குக் கட்டியது என்று சொல்ல எங்களுக்குக் கைடு இல்லை. அக்கா ஒரு குதிரையையும் விடாமல் நின்று பார்த்தாள். நான் எதையும் பார்க்கவில்லை, அவள் முட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாதி வராந்தாவில் நின்று சொன்னாள்: "நீ நிறுத்தினதா யார்கிட்டயும் சொல்லாத. கூடப்பொறந்தவளயே நிறுத்திட்டான்னு பேசுவாளுங்க. அப்புறம் எவளும் உன்ன நம்பி வர மாட்டா. எனக்கு முடியல, நானே நின்னுக்கிறேன்னு சொன்னதா சொல்லிடு."

வேண்டாம் அக்கா, நானே உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் "சரிக்கா" என்றேன். பெரிய பாரம் இறங்கின மாதிரி இருந்தது. அப்படி இருந்ததற்காக இன்றைக்கும் எனக்கு என்மேல் ஆத்திரம் வருகிறது.

வேன் நாகர்கோவில் தாண்டியதும் எல்லோரிடமும் சொன்னேன். இருபது வருஷமாக அக்காவுக்குப் பக்கத்து வரிசையில் நின்று நட்டவள் எழுந்து வந்து, அக்காவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "இத்தினி வருஷமா உன்ன ஒரு நாளாவது நாங்க பின்னால வுட்டிருக்கமா? இப்ப நீயா எங்கள வுட்டுட்டுப் போறியேக்கா, உனக்கு மனசு வருதா?" என்று அழுதாள்.

"முடியலடி, மன்னிச்சிக்க" என்றாள் அக்கா.

நான் பக்கத்து சீட்டில்தான் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை.