சாந்திக்காக நீங்கள் செய்த ஜெபம்

அன்பானவர்களே, நீங்கள் சாந்தி என்று கூப்பிடுகிற என்னுடைய உண்மையான பெயர் யோகராணி. உங்களுக்குக் குழப்பமாக இருக்கும். எனக்கே இன்னும் குழப்பம் தீரவில்லை.

தொண்ணூறில் இலங்கைச் சண்டைக்குத் தப்பி மன்னாரிலிருந்து படகில் ராமேஸ்வரம் வந்தேன். அகதி முகாமில் பதிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று யாரோ சொன்னதை நம்பி, பதியாமலே ஓசூருக்கு வந்துவிட்டேன். இங்கே பாதிப் பேர் தெலுங்கு, கன்னடம். தமிழும் ஆளுக்கு ஒரு விதம். என் பேச்சைக் கேட்டு நாகர்கோவிலா என்றார்கள். ஆமாம் என்றேன். சாந்தி என்ற ஒருத்தியின் பள்ளிச் சான்றிதழைக் காட்டி, ஒரு கம்பெனியில் தற்காலிக வேலைக்குச் சேர்ந்தேன். நான்கு வருடம் அப்படியே ஓடியது. காய்ச்சல் வந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போகப் பயம். கூலியைப் பிடித்தாலும் கேட்கப் பயம்.

சாந்திக்கு வேலை நிரந்தரமாக வேண்டும் என்று இந்த ஜெபக்கூட்டத்தில் நீங்கள் வாரம் தவறாமல் ஜெபித்தீர்கள். நானும் ஆமென் சொன்னேன். ஆகிவிட்டது. நிரந்தரமானால் சான்றிதழில் இருக்கும் ஊருக்கே ஆள் அனுப்பி விசாரிப்பார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. கேட்டதைக் கொடுத்து என்னை மாட்டிவிட்டீரே என்று ஆண்டவரோடு சண்டை போட்டேன். யாரும் என்னைக் கண்டுபிடிக்கக் கூடாது என்று உபவாசம் இருந்தேன்.

மூன்றாம் நாள் வீட்டுக்காரம்மா முனியம்மா வந்து நின்றார்.

"சோறு துன்னாம எதுக்கும்மா இப்டி கெடக்கற?"

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் கும்பிடும் சாமி வேறு. ஆனாலும், "நாளைக்கு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போலாம், நானும் வரேன்" என்றார்.

"நாலு வருசமா என் வூட்லதான் கீறா, சார். ஒரு தப்புத்தண்டா கெடையாது. தொரத்திட்டா எங்க போவா?" என்று அங்கே எனக்காகக் கைநாட்டு வைத்தார். திட்டினார்கள், பல நாள் அலையவிட்டார்கள். கடைசியில் என் பெயரைப் பதிந்து, இங்கே தங்கலாம் என்று ஒரு தாள் கொடுத்தார்கள். குடியுரிமை இல்லை. மாதாமாதம் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். கம்பெனி வேலை போய்விட்டது. அது சாந்தியின் வேலைதானே.

நிரந்தர வேலை கேட்டேன், வேலை போனது. ஒளிந்திருக்கக் கேட்டேன், வெளியே இழுத்துவிட்டார். எந்த ஜெபத்துக்கு இது பதில் என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் போன மாதம் காய்ச்சலுக்கு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். நர்ஸ் யோகராணி என்று கூப்பிட்டார். பயமில்லாமல் எழுந்து போனேன். அன்று அழுதேன், சந்தோஷத்தில்.

முன்பு நான் இருந்ததுபோல் தாள் இல்லாதவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். நம்மோடுதான் உழைக்கிறார்கள். அவர்களுக்கும் இப்படி ஒரு வழி திறக்க வேண்டும். ஆண்டவரை நம்பிக் கேளுங்கள். கேட்டுவிட்டு, முனியம்மா மாதிரி ஸ்டேஷன் வரைக்கும் கூடப் போங்கள். அவர்களுடைய பெயர் தெரியாதே என்று யோசிக்காதீர்கள். என் பெயரும் தெரியாமல்தானே எனக்காக ஜெபித்தீர்கள்.