மூடிய இரண்டு ஓட்டைகள்

நான் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விவரம் தெரியாமல் செய்துவிட்டான் பாவம் என்று யாரும் என்மேல் இரக்கப்பட வேண்டாம்.

மலைமேல் அட்டுவம்பட்டியில் என் வீட்டை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை உண்டு. அதில் மூன்று வருஷமாக ஒரு பழைய காருக்கு உயிர் கொடுத்துக்கொண்டிருந்தேன். எண்பதுகளில் நம் ஊரில் ஓடிய, நீள மூக்கும் அகல முதுகும் கொண்ட கார். வெளிநாட்டில் மசில் கார் என்கிற முரட்டு எஞ்சின் வண்டிகளுக்கு நம்மூர்ப் பதில் என்று என்னைப் போன்ற பித்தர்கள் சொல்லிக்கொள்வோம். எஞ்சின் ஓடியது, துரு போனது, பெயின்ட் மின்னியது. அத்தோடு விட்டிருக்கலாம். எனக்கு ஸ்பாய்லர் வேண்டியிருந்தது. டிக்கி மேல் ஒன்று, காற்று வண்டியின் வாலைத் தரையோடு அழுத்திப் பிடிக்க. முன் பம்பருக்குக் கீழே தரையை ஒட்டி ஒரு ஃபைபர் பலகை, காற்று வண்டிக்கு அடியில் புகாமல் தடுக்க. பின்னால் உள்ளதை வாங்கினேன். முன்பலகையை நானே வார்த்தேன்.

"காத்தைக் கிழிக்கிற வேகத்துல போறதுக்கு இந்த மலையில எங்கங்க ரோடு இருக்கு?" என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. எனக்கு அன்று சுள்ளென்று கோபம்தான் வந்தது.

பிரேக்குக்கு நாயுடுபுரத்தில் ஒருவர் இருந்தார். கவுஞ்சியிலிருந்து காய்கறி ஏற்றி இறங்குகிற வேன்காரர்கள் அத்தனை பேரும் அவரிடம்தான் போவார்கள். அவருக்கு ஒரு வழக்கம். பிரேக் வேலை முடித்துக் கொடுத்த வண்டி முதல்தடவை மலை இறங்கும்போது பக்கத்து சீட்டில் அவரும் உட்கார்ந்து வத்தலக்குண்டு வரை வருவார். வந்துவிட்டு பஸ் ஏறித் திரும்பிவிடுவார். "நான் போட்ட பிரேக்குல நான் எறங்கலைன்னா வேற யாரு எறங்குவா" என்பாராம். அவர் பேருக்கு இருந்த மதிப்பே அந்த சீட்டில்தான் இருந்தது.

என் காரின் முன்சக்கரங்களுக்கு அவர்தான் டிஸ்க் பிரேக் மாற்றிக் கொடுத்தார். முன்பலகையைப் பார்த்ததும் மண்டி போட்டுக் குனிந்து அடியில் கைவிட்டுத் துழாவினார். "காத்து போற வழிய அடைச்சுட்டீங்களே சார். எறக்கத்துல டிஸ்க்கு வெந்துரும்" என்றார். அவரே பலகையில் இடமும் வலமுமாகக் கைமுட்டி அளவுக்கு இரண்டு ஓட்டை போட்டார். ஒவ்வொன்றிலிருந்தும் சக்கரத்துக்கு ஒரு ரப்பர் குழாய் இழுத்தார். பிறகு என்னோடு மலை இறங்கினார். கீழே போய்ச் சக்கரத்தின் அருகே கையை நீட்டிப் பார்த்து, தலையை ஆட்டிவிட்டு பஸ் ஏறினார். பிரேக்கில் ஒரு குறையும் இல்லை.

மறுவாரம் உடன் வேலை பார்க்கும் ஒருவர் காரைப் பார்த்துவிட்டு, என்ன சார், வண்டிக்குப் பன்னி மூக்கு வச்சிருக்கீங்க என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன். சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து இரண்டு ஓட்டைகளையும் ஃபைபர் வைத்து அடைத்தேன். பட்டி பூசி, தேய்த்து, பெயின்ட் அடித்தேன். ஓட்டை இருந்த தடமே தெரியவில்லை. முகப்பு வழவழப்பாக இருந்தால் காற்றின் இழுவை குறையும் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். போதாததற்கு வகுப்பில் கரும்பலகையில் காரை வரைந்து, காற்று எப்படி வழுக்கிப் போகிறது என்று அம்புக்குறி போட்டு வேறு காட்டினேன். அதே காற்றுதான் பிரேக்கின் சூட்டையும் ஆற்றுகிறது என்பதற்கு அம்புக்குறி போடவில்லை. மண்டைக்கனம், வேறென்ன.

மதுரையில் பழைய கார் வைத்திருப்பவர்கள் கூடும் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மனைவியையும் மகளையும் ஏற்றிக்கொண்டு வெள்ளனே கிளம்பினேன். பெருமாள்மலை தாண்டி ஊத்து என்கிற ஊர் வரைக்கும் பிரேக் நன்றாகத்தான் பிடித்தது. அதற்குக் கீழே ஒரு வளைவில் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கியது. அடுத்த வளைவில் தரை வரைக்கும் போய்விட்டது. கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மலைப்பக்கத்து வாய்க்காலில் சக்கரத்தை இறக்கிப் பாறையில் உரசித்தான் நிறுத்தினேன். மகளின் நெற்றி முன்சீட்டில் இடித்துப் புடைத்துவிட்டது. மனைவி அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

இறங்கினேன். முன்சக்கரம் இரண்டிலிருந்தும் புகை வந்தது. குனிந்து பார்த்தால் எதிரே என் கை பூசிய பட்டி, அவ்வளவு நேர்த்தியாக. அந்த நிமிஷமே எனக்கு விளங்கிவிட்டது. பிரேக் ஆயில் கொதித்துவிட்டது. காரணம் நான்.

பின்னால் வந்த கவுஞ்சி வேன் நின்றது. டிரைவர் இறங்கி வந்து சக்கரத்துக்குக் கல் வைத்தார். யார் சார் பிரேக் பார்த்தது என்று கேட்டார். நாயுடுபுரத்து அண்ணன் என்றேன். அவர் உச்சுக் கொட்டினார். கேட்டதற்குத்தானே பதில் சொன்னோம் என்று பல நாள் என்னைத் தேற்றிக்கொண்டிருந்தேன். சூடு ஆறி, என் கார் ஊர்ந்து ஊர்ந்து மேலே வந்து சேருவதற்குள் சேதி போனிலேயே நாயுடுபுரம் போய்விட்டது.

அன்றைக்கே முன்பலகையைக் கழற்றி, துண்டு துண்டாக உடைத்துக் குப்பையில் போட்டேன்.

மறுநாள் அவரே என் வீடு தேடி வந்தார். சக்கரங்களைக் கழற்றி, ஒவ்வொரு பாகமாகத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஆயிலை விரலில் தொட்டுப் பார்த்தார். மத்தியானம் வரை பார்த்தும் ஒன்றும் அகப்படவில்லை. முன்பலகை எங்கே என்று கேட்டார். பாறையில் உரசி நொறுங்கிவிட்டது, தூக்கிப் போட்டுவிட்டேன் என்றேன்.

"ஓட்டை ரெண்டும் தெறந்துதானே சார் கெடந்துச்சு?"

"ஆமா" என்றேன்.

அவர் நம்பினார். வாத்தியார் சொன்னால் நம்பத்தானே செய்வார்கள். "அப்ப எங்கையிலதான் ஏதோ பிசகியிருக்கு" என்று சொல்லி, என் மகளின் நெற்றியைப் பார்த்துவிட்டுத் தலை குனிந்து போனார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் பிடுங்கிக்கொள்ளவில்லை, சாப்பிடத்தான் போனேன்.

வேன்கள் ஒவ்வொன்றாக வேறு பட்டறைக்குப் போயின. எட்டு மாதம் கழித்து பைக் பஞ்சர் என்று அவர் பட்டறையில் நிற்க வேண்டியதாயிற்று. பட்டறைப் பெயர்ப்பலகையில் 'பிரேக்' என்ற சொல்லின் மேல் நீலப் பெயின்ட் பூசியிருந்தார். அவர் டியூபை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவரை விட்டுப் போகாத ஒரே ஒரு கவுஞ்சிக்காரர் வேனைக் கொண்டுவந்து நிறுத்தி, பிரேக்கைப் பார்க்கச் சொல்லிக் கெஞ்சினார். இவர் நிமிரவே இல்லை. "எனக்கு இனி பிரேக் சோலி வேணாம்பா. புள்ளைக உக்கார்ற வண்டி. எங்கைய நானே நம்பல" என்றார்.

வேன் போனதும் சொல்லிவிட்டேன். அடைத்தது, பட்டி பூசியது, உடைத்துப் போட்டது, ஆமா என்று பொய் சொன்னது, எல்லாவற்றையும். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்தால் தேவலை என்றும் இருந்தது.

அவர் டியூபைக் கீழே வைத்தார். "அப்ப நான் போட்டது சரிதானா சார்?" என்றார். சரிதான் அண்ணே என்றேன். இன்னொரு தடவையும் கேட்டார். முகம் முழுக்கச் சிரிப்பு. கண் கலங்கிவிட்டது. பட்டறைக்குப் பின்னால்தான் வீடு. உள்ளே இருந்த மனைவியைக் கூப்பிட்டு, பிரேக்குல ஒரு குத்தமும் இல்லையாம் என்று சொன்னார். கையைக் கழுவிச் சட்டையை மாட்டிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"வேன் ஸ்டாண்டுல நாலு பேரு இருக்கையில இத ஒருக்கா வந்து சொல்லிருங்க சார். உதவியாக் கேக்குறேன்."

உதவி என்றார். நான் அவர் பின்னாலேயே போனேன். ஸ்டாண்டில் ஏழெட்டு டிரைவர்கள் இருந்தார்கள். ஓட்டையை நான்தான் அடைத்தேன், பிரேக்கில் குறையில்லை என்று சொன்னேன். பிறகு ஏன் சார் இத்தனை மாசம் வாயைத் திறக்கவில்லை என்று ஒருவர் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் நாயுடுபுரத்து அண்ணன் முந்திக்கொண்டார்.

"சாருக்கு அப்பத் தெரியாதுப்பா. இப்பத்தான் வெளங்கியிருக்கு, வெரசா வந்து சொல்லிட்டாரு."

எல்லோரும் தலையை ஆட்டினார்கள். ஒருவர் எனக்கு டீ சொன்னார். நான் அந்த டீயை வாங்கிக் குடித்தேன்.

எனக்கு அப்பவே தெரியும்.