நைனா பேசாமல் இருந்த நான்கு ஆண்டுகள்

நைனா நம்மை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இன்று அவர் படத்துக்கு முன்னால் கூடியிருக்கும் உறவினர்களுக்கும், தண்டையார்பேட்டையிலிருந்தும் மீஞ்சூரிலிருந்தும் வந்திருக்கும் நண்பர்களுக்கும் மூத்த மகளான நான் வணக்கம் சொல்லி இதை எழுதுகிறேன். தம்பி ஓசூரிலிருந்து போன் செய்து, "அக்கா, நைனாவப் பத்தி நீயே எழுது. கூட இருந்தது நீதான்" என்றான். கூட இருந்தது நான்தான். அதனால்தான் நல்லதை மட்டும் எழுத என்னால் முடியவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நைனா பிறந்தது தண்டையார்பேட்டையில். தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். ஆறு பிள்ளைகளில் நைனா மூன்றாமவர். பதினேழு வயதில் ட்ரம் பட்டறையில் சேர்ந்தார். கம்பெனிகளிலிருந்து வரும் பழைய எண்ணெய் ட்ரம்களில் விழுந்திருக்கும் டொக்குகளைச் சுத்தியால் அடித்து நிமிர்த்தி, கழுவி, பெயின்ட் பூசித் திருப்பி அனுப்பும் பட்டறை அது. தகரக் கூரைக்குக் கீழே பத்துப் பதினைந்து பேர் ஒரே நேரத்தில் இரும்பை அடிப்பார்கள். சாப்பாடு கொண்டுபோகும் நாட்களில் நானும் தம்பியும் காதைப் பொத்திக்கொண்டுதான் உள்ளே நுழைவோம். நைனா அந்தச் சத்தத்துக்குள் முப்பத்தெட்டு ஆண்டுகள் நின்றார். குடித்ததில்லை. அம்மா மேல் கை நீட்டியதில்லை. அக்கம்பக்கத்தில் யாருடைய அண்டா நசுங்கினாலும் வாங்கிப்போய் நிமிர்த்திக் கொண்டுவந்து கொடுப்பார்.

காது எப்போது போனது என்று எங்களில் யாருக்கும் சரியாகத் தெரியாது. கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. போகப் போக அவர் குரல் உயர்ந்தது. தன் குரலே தனக்குக் கேட்காதவருக்கு எவ்வளவு சத்தமாகப் பேசுகிறோம் என்று எப்படித் தெரியும்? அவர் ரேஷன் கடையில் நின்று பேசினால் மூன்றாவது மாடியிலிருந்த அம்மா, "அரிசி வந்துட்ச்சாம், பையை எட்றி" என்பார். பட்டறையில் கூடவே வேலை செய்த காதர் பாய்க்கும் அதே காதுதான். சாயங்காலம் டீக்கடை பெஞ்சில் இருவரும் உட்கார்ந்து பேசுவது, தெரியாதவர்களுக்குச் சண்டை போலத் தோன்றும். தெரிந்தவர்கள் சிரித்துக்கொண்டே போவார்கள்.

ஒரு விஷயத்தையும் மறைக்காமல் எழுத வேண்டும். நான் பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்தேன். என் டீச்சர் வீட்டுக்கே வந்து, "இவளை மேல படிக்க வைங்க" என்று கேட்டார். அந்த நேரம் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, தம்பி சின்னவன். நைனா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "போதும் டீச்சர்." அடுத்த மாதம் நான் எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக்குக் காலர் தைத்துக்கொண்டிருந்தேன். அதைப் பற்றி நான் அழவும் இல்லை, அவர் பேசவும் இல்லை.

வருடங்கள் போயின. எம்.கே.பி. நகரில் வாழ்க்கைப்பட்டேன். கவிதா பிறந்தாள். அம்மா காலமான அடுத்த ஆண்டே என் கணவரும் மாரடைப்பில் போய்விட்டார். காரியம் முடிந்த மறுநாள் காலையில் நைனா ஒரு தகரப் பெட்டியோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "நானு கீறேன்" என்றார். அவ்வளவுதான். அன்றிலிருந்து அந்த வீட்டில் ஆண் துணை அவர்தான். கவிதா பிளஸ் டூ முடித்தபோது கல்லூரி விண்ணப்பத்தை வரிசையில் நின்று வாங்கிவந்தவரும் அவர்தான். எனக்குச் செய்யாததை என் மகளுக்குச் செய்கிறார் என்று அப்போது மனதுக்குள் கசந்தேனே தவிர, அவர் ஏன் செய்கிறார் என்று நினைத்துப் பார்க்கவில்லை.

கவிதாவைப் பெண் பார்க்க மீஞ்சூரிலிருந்து வந்த நாளை உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். எங்கள் முன்னறை சின்னது. அதில் பன்னிரண்டு பேர் நெருக்கி உட்கார்ந்திருந்தீர்கள். நான் உள்ளே காபி ஆற்றிக்கொண்டிருந்தேன். நைனா மாப்பிள்ளையின் அப்பாவிடம் கேட்டது படிக்கட்டு வரை கேட்டது.

"பையன் குடிப்பானா?"

சம்பந்தி சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார். நைனாவுக்குக் கேட்கவில்லை.

"இன்னா? சத்தமா சொல்லுங்கோ. கோவம் வந்தா கை நீட்டுவானா? எங்க பொண்ணு மேல படிக்கணும்னா வுடுவீங்களா?"

சம்பந்தியம்மாள் டம்ளரைக் கீழே வைத்தார். வாசலில் நின்ற பக்கத்து வீட்டுப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நான் ஓடிவந்தேன். அவர் காதருகே குனிந்தேன்.

"நைனா! வாய மூடிகினு கம்முனு குந்து! உன்னால மானம் போவுது!"

அவருக்குக் கேட்க வேண்டுமென்றால் கத்தத்தான் வேண்டும். அதனால் அது எல்லோருக்கும் கேட்டது. நைனா என் முகத்தைப் பார்த்தார். பிறகு அறையிலிருந்த ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். தோளிலிருந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "சரி" என்றார். அந்தச் "சரி"யும் சத்தமாகத்தான் வந்தது.

அதன் பிறகு அவர் பேசவில்லை. கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்தார் என்று நினைக்காதீர்கள். கூப்பிட்டால் வருவார். கேட்டால் தலையாட்டுவார். தண்ணீர் வேண்டுமென்றால் கட்டைவிரலை வாயருகே காட்டுவார். தவிர்க்க முடியாமல் ஒரு சொல் சொல்ல நேர்ந்தால் அறையில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று முதலில் பார்ப்பார். கவிதாவின் திருமணத்தில் மண்டப வாசலில் நின்று வந்தவர்களையெல்லாம் கைகூப்பி வரவேற்றார், உதடு பிரியாமல். "பெரியவர் எவ்ளோ அமைதி" என்று சம்பந்தி வீட்டு உறவினர் ஒருவர் என்னிடம் சொன்னார். நான் சிரித்துவைத்தேன்.

கவிதா போன பிறகு வீட்டில் நானும் அவரும்தான். நாள் முழுவதும் என் தையல் மெஷின் சத்தம் மட்டும் கேட்கும். அதுவும் எனக்கு மட்டும்.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைக்காத நாள் இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் அதற்கு ஒரு சொல் இல்லை. பஸ்ஸில் யார் காலையாவது மிதித்தால் "சாரிப்பா" என்போம். "மன்னிச்சிடுங்க" என்பது சினிமாவில் பேசுவது. அதை நைனாவிடம் சொன்னால் எனக்கே நடிப்பாகத் தோன்றும். அதோடு, கேட்பதென்றால் அன்று சொன்னதை மறுபடி நினைவுபடுத்த வேண்டும். அவர் மறந்திருந்தால்? எல்லாவற்றுக்கும் மேலாக, அதையும் கத்தித்தான் சொல்ல வேண்டும். பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கேட்கும். இதுதான் தடை என்று நெடுநாள் நம்பினேன்.

ஒருநாள் காலை கண் பரிசோதனைக்காக அவரைத் திருவொற்றியூருக்கு அழைத்துப்போனேன். திரும்பும்போது வேண்டுமென்றே கடலோரச் சாலைக்குக் கூட்டிப்போனேன். கரையில் கொட்டியிருக்கும் பாறைகள் மேல் அலை அறைந்துகொண்டிருந்தது. பின்னால் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. எவ்வளவு கத்தினாலும் ஒருவருக்கும் கேட்காது. சொல்ல வேண்டியதை ஆட்டோவிலேயே மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன். அவர் காதருகே போனேன்.

"நைனா!"

திரும்பிப் பார்த்தார். கண்ணில் சொட்டு மருந்தின் ஈரம் இருந்தது.

"பசிக்குதா?" என்று கத்தினேன்.

ஆமாம் என்று தலையாட்டினார். பக்கத்துக் கடையில் இட்லி வாங்கிக்கொடுத்தேன். பாதிக்கு மேல் அவரால் சாப்பிட முடியவில்லை. அவருக்குப் பசியே இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. சத்தம் ஒரு தடையே இல்லை என்பதும் அங்கேதான் புரிந்தது.

கவிதாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. முதல்முறை பார்க்கப் போனபோது நைனா குழந்தையைக் காட்டி, தன் காதைத் தொட்டுக் காட்டினார். பல ஆண்டுகளாகக் காது மெஷின் வேண்டவே வேண்டாம் என்றவர், கொள்ளுப்பேத்தியின் குரலுக்காக அரசு மருத்துவமனைக்கு என்னோடு வந்தார். மெஷினை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்ததும் முதலில் மேலே பார்த்தார். "இந்த ஃபேன் இம்மாஞ் சத்தம் போடுதா?" என்றார். சொல்லிவிட்டுச் சட்டென்று நின்றார். தன் குரலைக் கேட்டுவிட்டார். பிறகு பாதிக் குரலில் கேட்டார்.

"நானு இப்டித்தான் கத்திகினு இருந்தேனா?"

"இல்ல நைனா, கொஞ்சந்தான்."

"பாவம் நீங்கோ" என்றார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். மெல்லச் சொன்னாலே கேட்கும் காலம் அது. ஐந்து மாதம் அப்படி இருந்தது. தினமும் நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் தைத்துக்கொண்டிருந்தேன். நைனா எதிரே ஸ்டூலில் வந்து உட்கார்ந்தார்.

"பத்தாவதுல நீ நல்ல மார்க்கு" என்றார்.

பெடலை நிறுத்தினேன்.

"டீச்சரம்மா வூட்டுக்கே வந்து கேட்டுது. நாந்தான் அன்னிக்கி..."

"அத்த இன்னாத்துக்கு நைனா இப்ப? வுடு. முடிஞ்சிபோன கத."

சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அவர் சிறிது நேரம் என் கையையும் துணியையும் பார்த்தார். "சரி" என்றார். எழுந்து போனார். நான் மறுபடி பெடலை மிதித்தேன்.

என்னைப் பெற்றவர் என்னிடம் தலைகுனிய வேண்டாம் என்றுதான் அவரை நிறுத்தினேன் என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையல்ல. அவர் மன்னிப்புக் கேட்டுவிட்டால் நானும் கேட்டாக வேண்டும். அந்தப் பயம்தான். எத்தனை ஆண்டுகள் அதைத் தொண்டையில் வைத்திருந்தாரோ, எப்படித் துணிந்து வந்து அந்த ஸ்டூலில் உட்கார்ந்தாரோ. இரண்டாம் முறையும் அவர் வாயை நான்தான் மூடினேன். முதல்முறை கோபத்தில் செய்ததை இரண்டாம் முறை அன்பு என்ற பெயரில் செய்தேன். பெற்றவர்களுக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் நடுவே மன்னிப்பு வராமல் போவது கல்மனதால் மட்டும் அல்ல. ஒருவர் தொடங்கும்போது மற்றவர் "வுடு" என்று சொல்லிவிடுகிறோம்.

அதன்பின் மூன்று வாரம். சளிக் காய்ச்சல் என்று நினைத்தது நுரையீரலுக்குப் போய்விட்டது. மருத்துவமனையில் முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க் போட்டு, காது மெஷினைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டார்கள். நான்கு நாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒருமுறை கண் திறந்து பார்த்தார். நான் ஏதோ சொன்னேன். அவர் எப்போதும்போலத் தலையாட்டினார். என்ன கேட்டது அவருக்கு என்று எனக்குத் தெரியாது. ஐந்தாம் நாள் பகல், பார்வையாளர் நேரத்தில் அமைதியாக மூச்சு நின்றது.

ஒரு மாதம் கழித்து டீக்கடையில் காதர் பாயைப் பார்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்து, கடையிலிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்க, கத்திக் கேட்டேன்.

"பாய்! நைனா என்னப் பத்தி உங்களாண்ட எதனா சொன்னாரா?"

"உன்னப் பத்தியா? ஒண்ணும் சொல்லலமா. நாந்தான் கேப்பேன், இன்னாண்ணே கம்முனே கீறே, வூட்ல எதனா பேஜாரான்னு. இல்ல பாய், தொண்ட வலின்னுவாரு. எப்ப கேட்டாலும் தொண்ட வலிதான். நாலு வருசம்மா." பாய் டம்ளரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஏம்மா, டாக்டராண்ட காட்லியா நீ?"

"காட்டல பாய்" என்றேன்.

நைனாவின் கடைசி நாட்களில் உடனிருந்து உதவிய எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மருத்துவமனைக்கு ஆட்டோவைத் தானே ஓட்டிவந்த கீழ்வீட்டுத் தம்பிக்கும், வார்டில் அவருக்கு உடம்பு துடைத்துவிட்ட ஆயாம்மாவுக்கும், நடக்க முடியாத காலோடு இறுதி ஊர்வலத்தில் கடைசிவரை வந்த காதர் பாய்க்கும் நன்றி. பெற்ற மகனைப் போல எல்லாம் செய்த மாப்பிள்ளைக்கும் நன்றி. கவிதா திருமணத்துக்குப் பிறகுதான் முதுகலை முடித்தாள். அதற்குத் தடை சொல்லாத சம்பந்தி வீட்டாருக்கும் நன்றி.

அன்று அந்த முன்னறையில் இருந்த பன்னிரண்டு பேருக்கும் ஒரு வார்த்தை. நைனா கேட்ட மூன்று கேள்விகளும், பெண்ணைப் பெற்றவளாக நான் கேட்டிருக்க வேண்டியவை. எனக்குத் தைரியம் இல்லை. அவர் கேட்டார். நான் அவரை அவமானப்படுத்தியது உங்கள் முன்னால். ஆகவே இதையும் உங்கள் முன்னாலேயே சொல்கிறேன்.

நைனா, அன்னிக்கி நீ பேசுனதுதான் சரி. நான் அப்டி கத்தியிருக்கக் கூடாது. தப்பு என்னுது. படிப்பப் பத்தி நீ சொல்ல வந்தத நான் முழுசா கேட்டிருக்கணும். அதுவும் என் தப்புதான்.

இதை எழுதி முடித்ததும் ஒருமுறை சத்தமாக வாசித்துப் பார்த்தேன். வீட்டில் யாரும் இல்லை.