சித்தி என்னோடு சாப்பிட்ட நாட்கள்

எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் பிள்ளைகள், அதாவது நான் ஒருத்தி. அதன்பின் அலுவலகத்திலிருந்து வந்து, குளித்து, திருநீறு பூசிக்கொண்டு அப்பா. அப்பா கை கழுவி எழுந்த பிறகுதான் அம்மா. வண்ணார்பேட்டையில் எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் இதே வழக்கம்தான். யாரும் இதைச் சட்டமாகச் சொன்னதில்லை, மீறியதும் இல்லை. அதனால் சாப்பாட்டு நேரம் என்றால் எனக்குச் சுவரைப் பார்த்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்கும் நேரம். சோறு எப்படியோ இறங்கிவிடும், காய் மட்டும் தட்டின் ஓரத்தில் குவிந்து கிடக்கும். சீனியவரைக்காய், தடியங்காய், புடலங்காய் எதுவும் எனக்கு ஆகாது. பாகற்காயைக் கண்டாலே முகம் அஷ்டகோணலாகும். அம்மா திட்டுவாள், மிரட்டுவாள், கடைசியில் அலுத்துப்போய்த் தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவாள்.

நான் நாலாம் வகுப்பில் இருந்தபோது அம்மாவின் தங்கை வள்ளியூரிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தாள், தங்கிப் படிப்பதற்காக. மனையியலில் மேல்படிப்பு. பிள்ளைகளைக் காயும் பழமும் சாப்பிட வைப்பது எது, சாப்பிட விடாமல் தடுப்பது எது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. சனிக்கிழமைகளில் வீடு வீடாகப் போய் அம்மாக்களிடம் பேசிவிட்டு வருவாள். எந்த வீட்டில் அப்பாவே காயை ஒதுக்கி வைக்கிறார், எந்த வீட்டில் காய் தின்றால் மிட்டாய் என்று ஆசை காட்டுகிறார்கள் என்றெல்லாம் வந்து கதை கதையாகச் சொல்வாள். நான் வயிறு வலிக்கச் சிரிப்பேன். ஆராய்ச்சி என்பது அடுத்தவர் வீட்டில் நடக்கிற காரியம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் நான் சாப்பிட உட்கார்ந்ததும் சித்தியும் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு வந்தாள்.

“ஏட்டி, கொஞ்சம் தள்ளி உக்காரு. எனக்கும் பசிக்கு.”

அப்பா இன்னும் வீட்டுக்கு வரவில்லை. நான் பதறிப்போய் அம்மாவைப் பார்த்தேன். அம்மா சித்தியின் தட்டிலும் சோற்றை வைத்தாள். எனக்கு நம்பவே முடியவில்லை. ஒரு பெரியவள், எனக்காக, அப்பாவுக்கு முன்னால் சாப்பிடுகிறாள்! அம்மாகூட எனக்காக அதைச் செய்ததில்லை. மறுநாள் பள்ளிக்கூடத்தில் அகப்பட்டவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிப் பீற்றிக்கொண்டேன்.

அன்றிலிருந்து தினமும் சேர்ந்தேதான் சாப்பிட்டோம். என்னிடம் ஒரு தடவைகூட அவள் “காயைத் தின்னு” என்று சொன்னதில்லை. அவள் பாட்டுக்குத் தின்பாள், அவ்வளவுதான். மோர்ச்சோற்றோடு பாகற்காய் வறுவலைக் கடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள்.

“கசப்பு போன பெறவு ஒரு ருசி வரும் பாரு. அதுக்காகத்தான் நான் பைய மெல்லுதேன்.”

எனக்கும் அந்த ருசி வேண்டும் என்று தோன்றியது. மென்றேன். கசப்பு போகவே இல்லை. ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நானும் கண்ணை மூடினேன், தலையை ஆட்டினேன். அவள் சிரித்தாள். கல்லூரியிலிருந்து வரும்போது வாங்கிவரும் கொய்யாப்பழத்தை இருவரும் மாற்றி மாற்றிக் கடிப்போம். பள்ளிக்கூடத்தில் யாரோடு சண்டை, டீச்சர் யாரைக் கிள்ளினார் என்று எல்லாம் அந்த நேரத்தில்தான் அவளிடம் சொல்வேன். அம்மாவிடம் சொல்லாததையும் சொல்வேன். கொஞ்ச நாளில் என் தட்டில் ஓரம் என்று ஒன்றே இல்லாமல் போனது.

பிறகு ஒரு மாலை சித்தி வரவில்லை. பக்கத்து அறையில்தான் இருந்தாள்.

“சித்தி, நீ வரலியா?”

“எனக்குப் பசிக்கலட்டி. நீ போயி உக்காரு.”

மறுநாளும் பசிக்கவில்லை, அதற்கு அடுத்த நாளும் பசிக்கவில்லை. ஆனால் அப்பா எழுந்த பிறகு அம்மாவோடு உட்கார்ந்து நன்றாகவே சாப்பிட்டாள், கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். என்மேல் என்ன கோபமோ என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அவளுடைய பேனாவை எடுத்தேனே, அதுவா? அவள் தூங்கும்போது ரேடியோ போட்டேனே, அதுவா? கேட்டால் “ஒண்ணுமில்ல, போ” என்று சொல்லிவிட்டாள். எனக்குத் தெரிந்தது ஒரே வழிதான். சுவரைப் பார்த்துக்கொண்டு தட்டில் வைத்த காயையெல்லாம் தின்றேன். குமட்டிக்கொண்டு வந்தாலும் தண்ணீர் குடித்து விழுங்கினேன். சமத்தாக இருந்தால் திரும்பி வருவாள் என்று இருந்தேன்.

அவள் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடைய பேராசிரியைதான் வந்தார். சித்தி பரபரப்பாக முறுக்கும் காப்பியும் கொண்டுவந்து வைத்தாள். அவர் என்னைப் பார்த்துவிட்டு, “இந்தப் பிள்ளைதானா அது?” என்று கேட்டார்.

“இவதான் மேடம். முதல்ல கூடவே உக்காந்து சாப்பிட்டேன். அப்புறம் வேணும்னே விலகிட்டேன். ஆனாலும் இன்னிவரைக்கும் காயை ஒதுக்கல. பழக்கம் நல்லா பிடிச்சுக்கிட்டு.”

பேராசிரியைக்கு ஒரே மகிழ்ச்சி. வீட்டில் இதற்கு எப்படிச் சம்மதித்தார்கள் என்று அம்மாவைக் கேட்டார்.

“எங்க வீட்டுல ஆம்பளைங்களுக்கு முன்னால சாப்பிடுத வழக்கம் கெடையாது மேடம். இவ அவுஹகிட்ட முதல்லயே கேட்டுக்கிட்டா. படிப்புக்குன்னு சொன்னதும் அவுஹளும் சரின்னுட்டாஹ.”

அம்மா இதைப் பெருமையாகச் சொன்னாள். அப்பாவுக்கும் தெரிந்திருக்கிறது. சித்தி எனக்காக எதையும் மீறவில்லை, கேட்டு வாங்கிக்கொண்டுதான் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அந்த வீட்டில் தெரியாமல் இருந்தது நான் ஒருத்திதான். நான் அங்கேயே, முறுக்குத் தட்டுக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். என் காதில் விழக்கூடாது என்றுகூட யாருக்கும் தோன்றவில்லை.

அன்று இரவு சித்தி தட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். வேலை முடிந்துவிட்டதல்லவா, இனி உட்காரலாம். அம்மா இரண்டு தட்டிலும் பாகற்காய் வைத்தாள். நான் கையை வைக்கவில்லை. சாப்பிட்டால் அவள் சொன்னது சரியாகிவிடும். சாப்பிடாவிட்டால் அதற்கும் ஏதாவது ஒரு காரணம் சொல்லிவிடுவாள். என் தட்டில் என்ன செய்தாலும் அது எனக்குச் சொந்தமாக இல்லை.

“ஏன் சும்மா இருக்க? சாப்பிடு,” என்றாள். முதல் தடவையாக அந்தச் சொல்லைச் சொன்னாள்.

அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன், முடியவில்லை.

“எனக்கு இது பிடிக்கவே இல்ல. எப்பவுமே பிடிக்கல. சமத்தா சாப்பிட்டா நீ திரும்ப வந்து எங்கூட உக்காருவன்னுதான் சாப்பிட்டேன்.”

சித்தியின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. என்னை இழுத்து அணைத்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அப்போதும்கூட, அதைத்தான் நினைத்தேன்.

அவள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

“அக்கா, இவ சொல்லுதத கேட்டியா? இதையும் மேடம்கிட்ட சொல்லணும்.”