ஒரு படி வீடும் பதினெட்டுப் படி வீடும்

தம்பியின் கால் நகங்களை வெட்டிக்கொண்டிருந்தாள் சிஸ்டர். அவருக்குச் சர்க்கரை வியாதி. சதையில் பட்டால் புண் ஆறாது. அதனால் வெந்நீரில் ஊறவைத்துத் துடைத்து, ஒவ்வொரு விரலாக நேராக வெட்டினாள். படுத்த படுக்கையாகக் கிடந்தவர்களை இருபத்தெட்டு வருடம் வீடு வீடாகப் போய்ப் பார்த்துக்கொண்ட நர்ஸின் கை அது. இப்போது மணிக்கட்டு வலிக்கிறது, ஆளைத் தூக்க முடியவில்லை. சேர்த்து வைத்ததில் ஒரு சின்ன வீடு வாங்கி வாடகைக்கு விட்டால் யார் கையையும் எதிர்பார்க்க வேண்டாம். தப்பான வீட்டை வாங்கிவிட்டால் மறுபடி சேர்க்க ஆயுள் போதாது.

"அக்கா, காலைப் புடிச்சது போதும். புரோக்கர் வந்து நிக்கிறாரு."

"ஆடாதே. விரல் போனா நான் பொறுப்பில்ல."

புறநகரில்தான் வீடு பார்த்தார்கள். ஒரு மழை விட்டு ஒரு மழைக்கு ஏரி உடைத்துக்கொண்டு வரும் பக்கம். வெள்ளம் வராத பக்கத்தில் அவளிடம் இருந்த பணம் வாசல் கதவுக்குத்தான் காணும்.

முதல் வீடு புது வண்ணத்தில் பளபளத்தது. தெருவிலிருந்து ஒரே படி, உடனே கூடம். சிஸ்டருக்குப் பார்த்ததும் பிடித்துப்போயிற்று. எந்த வீட்டுக்கு வேலைக்குப் போனாலும், சக்கர நாற்காலி ஏறுமா என்று முதலில் வாசற்படியை எண்ணுவது அவள் பழக்கம். ஒரே படியென்றால் நல்ல வீடு. 'இதையே முடிச்சிடலாம்' என்று வாய்வரை வந்துவிட்டது.

நல்லவேளை, இன்னொரு பழக்கமும் இருந்தது. நோயாளியின் முகத்துக்குப் பவுடர் போட்டிருந்தால் ஆளைப் புரட்டி முதுகைப் பார்ப்பாள். படுக்கைப்புண் அங்கேதான் இருக்கும். குனிந்து சுவர் அலமாரியின் அடிப்பலகையைக் கட்டைவிரலால் அழுத்தினாள். ஊறிய ரொட்டிபோல் உள்ளே போயிற்று. நிமிர்ந்தாள்.

"ஏம்பா, பிளக் பாயின்டெல்லாம் ஏன் தலைக்கு மேல இருக்கு?"

"சின்னப் பசங்க கை வெச்சிடக் கூடாதுன்னும்மா," என்றார் புரோக்கர்.

"அப்ப இஸ்திரி போட ஸ்டூல்ல ஏறணுமா?"

தம்பி சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். அவள் விறுவிறுவென்று வாசலுக்குப் போனாள். இரும்புக் கேட்டின் கீழ்க்கீல் தாருக்குள் புதைந்திருந்தது. பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே புது ரோடு, அதன் மேல் இன்னொன்று.

"ஒரு படியில்லடா இது, நாலு படி. மூணு படி ரோட்டுக்கடியில போயிடுச்சு. தூறல் போட்டாலே தெருத்தண்ணி கூடத்துக்கு வந்துரும். அதுக்குப் பயந்துதான் பிளக்கை மேல ஏத்தியிருக்கான். ஒரு படின்னு பாத்து மயங்கினேனே, என் புத்திய என்ன சொல்ல!"

அடுத்த வீடு இரண்டு தெரு தள்ளி. கீழே வெறும் தூண்கள், வண்டி நிறுத்தும் இடம், மோட்டார். மேலே இரண்டு அறை. தூண்களில் இடுப்பளவில், வெள்ளம் நின்ற பழுப்புக் கோடு.

"ஒரு கோட்டிங் அடிச்சா மறைஞ்சிரும்மா," என்று புரோக்கர் அவசரப்பட்டார்.

"அது இருக்கட்டும். அதுதான் உண்மையைச் சொல்லுது."

முட்டியைப் பிடித்துக்கொண்டு பதினெட்டுப் படி ஏறினாள். மேலே குடியிருந்த பெண் பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்தாள். நோயாளியைப் பற்றி டாக்டரைவிடத் துடைத்துவிடுபவளுக்குத்தான் அதிகம் தெரியும், வீட்டைப் பற்றிக் குடியிருப்பவளுக்கு என்பது சிஸ்டரின் கட்சி.

"தண்ணி வந்தா மொதல்ல எதைத் தூக்கி வெப்பே?"

அந்தப் பெண் புரோக்கரைப் பார்த்தாள்.

"அவர் மூஞ்சிய ஏன் பாக்கறே? என்கிட்ட சொல்லு."

"மேல ஒண்ணும் தூக்க வேணாம்மா. மெஷின் நனைஞ்சதே இல்ல. கீழ மோட்டார்தான் முழுகிடும். அப்புறம் நாலு நாள் ஊரெல்லாம் தண்ணி, குழாயில சொட்டு வராது." குரல் இறங்கியது. "வாங்கினா எங்களைக் காலி பண்ணச் சொல்வீங்களா?"

"வாடகை?"

"ஆறு வருஷமா தேதி தவறினதில்ல."

"அப்ப எதுக்குக் காலி?"

தம்பி காதோரம் குனிந்தார். "அக்கா, பதினெட்டுப் படி! உன் முட்டி என்னத்துக்கு ஆகும்?"

"வாடகைக்கு இருக்கப்போறது என் முட்டியாடா?"

மறுநாள் காலை வீட்டுப் பத்திர நகலை வக்கீலிடம் பார்க்கக் கொடுத்துவிட்டு, ஒரு கொத்தனாரோடு நேரே அங்கே போனாள். மோட்டாருக்கு எவ்வளவு உயரத்தில் மேடை கட்டுவது என்று அளக்க வேண்டும். கொத்தனாரோ அளவுநாடாவை மறந்துவிட்டு வந்திருந்தார். மாடியிலிருந்து தையல்காரப் பெண் தன் நாடாவோடு ஓடிவந்தாள். ஒரு முனையை அவள் பழுப்புக் கோட்டில் வைத்துப் பிடித்தாள். மறுமுனையை சிஸ்டர் இன்னும் இரண்டடி மேலே இழுத்துச் சுண்ணக்கட்டியால் கோடு போட்டாள்.