பிரேக் மாஸ்டர் வாங்கிய கார்

பிரேக் மாஸ்டர் என்றால்தான் அவரை அந்த வட்டாரத்தில் தெரியும். டிரைவிங் ஸ்கூலில் இருபத்தேழு வருடம். கற்றுக்கொள்பவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்க, இவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் தனியாகப் பொருத்திய பிரேக்கின்மேல் பாதத்தை வைத்தபடி ஊரைச் சுற்றுவார். பாதி ஊர் அவரிடம் பழகியதுதான். அவருக்கென்று இருந்ததோ ஒரு பழைய ஸ்கூட்டர்.

ஆசை இல்லாமல் இல்லை. ஓய்வுபெற்ற கண் டாக்டரம்மாவின் வீட்டு ஷெட்டில் பால்நிறக் கார் ஒன்று நின்றது. உருண்டை விளக்குகள், ஸ்டியரிங்கை ஒட்டியே கியர் கம்பி. அதைப் பார்ப்பதற்காகவே மாணவர்கள் அத்தனை பேரையும் அந்தத் தெருவில் ரிவர்ஸ் பழக வைத்தார் மனிதர். வேறு தெருவே இல்லாத மாதிரி!

டாக்டரம்மா காரை விற்கப்போவதாகச் சேதி வந்ததும் இரண்டு நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. யானையைக் கட்டித் தீனி போட முடியுமா என்று மைத்துனன் சிரித்தான். மனைவி சிரிக்கவில்லை. இதற்கென்று அவர் பல வருடமாகப் பணம் சேர்த்து வைத்திருந்தது அவளுக்குத் தெரியும்.

ஆனால் டாக்டரம்மா லேசுப்பட்டவர் இல்லை. வாங்க வருகிறவர் தன் கண்ணெதிரே ஓட்டிக் காட்ட வேண்டும். அந்த ஓட்டம் தனக்குப் பிடித்தால்தான் கார். ஏற்கெனவே மூன்று பேரைத் திருப்பி அனுப்பிவிட்டார். ஒருவர் கியரை முரட்டுத்தனமாக இழுத்தாராம். இன்னொருவர் காரணமில்லாமல் ஹாரன் அடித்தாராம். மூன்றாமவர் என்ன செய்தார் என்று யாருக்கும் தெரியாது.

ஓட்டுவதில் தனக்கென்ன பயம் என்றுதான் மாஸ்டர் போனார். போய்ச் செய்த காரியத்தைக் கேளுங்கள். டாக்டரம்மா சாவியோடு வந்து நின்றதும், இருபத்தேழு வருடப் பழக்கம், நேராகப் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டார். அதோடு விட்டாரா? வாயும் சும்மா இருக்கவில்லை.

"உக்காருங்கம்மா. முதல்ல கண்ணாடியச் சரி பண்ணிக்குங்க."

டாக்டரம்மா ஒரு நிமிடம் அவரையே பார்த்தார். பிறகு சுற்றி வந்து ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்து கண்ணாடியைத் திருப்பினார். எஞ்சின் உறுமியபோதுதான் மாஸ்டருக்கு உறைத்தது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போயிற்று என்று மனசு பதறியது. தப்பு நடந்துவிட்டது என்று சொல்ல வாயெடுத்தவர், அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார். அப்படி ஒரு முகத்தை அவர் முதல் நாள் மாணவர்களிடம் மட்டுமே பார்த்திருக்கிறார்.

கார் காலித் தெருவில் மெல்ல உருண்டது. கிளட்சை மெதுவாக விடச் சொன்னார், வளைவில் வேகத்தைக் குறைக்கச் சொன்னார். முனையில் ஒரு பூனை குறுக்கே ஓட, மாஸ்டரின் கால் தரை விரிப்பை ஓங்கி மிதித்தது. அங்கே ஏது பிரேக்! டாக்டரம்மாதான் நிதானமாக நிறுத்தினார். மாஸ்டரின் காலைப் பார்த்துக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

திரும்பி வந்து ஷெட்டில் நிறுத்தியும் டாக்டரம்மா ஸ்டியரிங்கை விடவில்லை.

"வயசாச்சு, தொடாதேன்னு பையன் சொல்லி ஆறு வருஷம் ஆச்சு. கண்ணு, கை எல்லாம் நல்லாத்தான் இருக்கு. இருந்தாலும் ஓட்டுங்கன்னு ஒருத்தர்கூடச் சொல்லல, மாஸ்டர்."

மாஸ்டர் உண்மையை ஒப்புக்கொண்டார்.

"நான் மறந்துபோய் உக்காந்துட்டேம்மா."

"தெரியும். எறங்கச் சொல்லலியே, அது போதும்." சாவியை உருவி அவர் உள்ளங்கையில் வைத்தார். "கார் உங்களுதுதான்."

வீட்டுக்கு மாஸ்டரே ஓட்டி வந்தார். சத்தம் கேட்டு வெளியே ஓடி வந்த மனைவி, எப்படி ஓட்டிக் காட்டினீர்கள் என்று கேட்டாள். ஓட்டிக் காட்டவே இல்லை என்றதை அவள் நம்பவில்லை. மைத்துனன் காரை மூன்று முறை சுற்றி வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை மாஸ்டர் காரைத் துடைத்து எடுத்துக்கொண்டு டாக்டரம்மா வீட்டு வாசலில் போய் நிறுத்தினார். அந்த அம்மா வெளியே வந்ததும் இறங்கிச் சாவியை நீட்டினார். பிறகு சுற்றிப் போய், இந்த முறை தெரிந்தே, பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தார்.