சென்றி தெரிந்தால் நடக்க வேண்டும்

இன்று காலை வெள்ளவத்தைக் கடற்கரை வீதியில் என்னை நோக்கித் துப்பாக்கி நீண்டது.

அடுத்த ஞாயிறு நெடுந்தூர ஓட்டப் போட்டி. அதற்காக ஓடிக்கொண்டிருந்தேன். இராணுவச் சென்றி, அதாவது காவலரண், தெரிந்ததும் நடக்க வேண்டும், தாண்டிய பிறகுதான் ஓட வேண்டும். நம்மெல்லோருக்கும் தெரிந்த வழக்கம். கால்கள் ஒருநாளும் இல்லாத வேகத்தில் போனதில் இன்று மறந்துவிட்டேன்.

“நவத்தின்ன!”

நில் என்று சிங்களத்தில் அதட்டல். கைகளை உயர்த்திக்கொண்டு நின்றேன். அடையாள அட்டையில் யாழ்ப்பாணம் என்று கண்டதும் ஆமிக்காரர் சிங்களத்தில் கேட்டார்: “ஏன் ஓடினாய்? யார் துரத்தினது?”

“ஒருத்தரும் இல்லை. போட்டிக்கு.” என் சிங்களம் அவ்வளவுதான் வந்தது.

சப்பாத்தைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். கடைசியில் அட்டையை நீட்டினார். “நடந்து போ.”

முதுகு கூசக் கூச நடந்தேன். அவர் கண்ணுக்கு மறைந்ததும் மறுபடி ஓடினேன்.

நான் வீடு வருவதற்குள் எங்கள் கட்டிடத்தின் கீழ்மாடி அன்ரிக்குச் செய்தி போய்விட்டது. “உங்கட குடும்பத்தில முதல் கம்பஸ் முடிச்ச பிள்ளை, ஒரு பொம்பிளை, காற்சட்டையோட றோட்டில ஓடுறதோ? இனியாவது விடுவியோ?”

“இல்லை அன்ரி. சென்றியடியில மட்டும் நடப்பன்.”

தோழிகளே, நாளை யாராவது கூட வருகிறீர்களா? இரண்டு பேர் ஓடினால் பயிற்சி என்று நம்புவார்களோ, சந்தேகம் இரண்டு மடங்காகுமோ, தெரியவில்லை.